அத்தியாயம் 5: வில்லும் செம்மண்ணும்: அறிவியலையும் கலையையும் ஒரே வகுப்பில் நடத்துவது எப்படி?

திருவனந்தபுரம் மாவட்டத்துக் கிராமப்புற உயர்நிலைப் பள்ளிகளை மனதில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை, ஆரியநாடு, நெடுமங்காடு, விதுரை என எந்தப் பக்கத்துப் பள்ளிக்கும் இது பொருந்தும். களியக்காவிளைக்கு அந்தப் புறம், குமரி மாவட்டத்து விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் பணிபுரிகிறவர்களும் அப்படியே பயன்படுத்தலாம். 1956 நவம்பர் வரை இரண்டு பக்கமும் ஒரே நிர்வாகத்தில் இருந்தவை. மண்ணும் கலையும் இன்றும் ஒன்றுதான்.

அறிவியல் எடுக்கும் ஆசிரியர் ஒருவரும், பாட்டோ படமோ கைவந்த இன்னொருவரும் இருந்தால் போதும். அந்த இன்னொருவர் மலையாளமோ தமிழோ எடுக்கும் ஆசிரியராக இருக்கலாம், பள்ளி அலுவலக ஊழியராகவும் இருக்கலாம்.

இந்த ஊருக்கு இது புதிய யோசனை இல்லை. பல மொழிகளில் கீர்த்தனைகள் இயற்றிய திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள்தான் 1837இல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடத்தையும் அமைத்தார். 1962இல் தொடங்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1980 முதல் சாஸ்திர கலா ஜாதா என்ற பெயரில் பாட்டும் வீதி நாடகமுமாக அறிவியலை ஊர் ஊராகக் கொண்டு போனது. தமிழ்நாட்டின் அறிவொளி இயக்கக் கலைக்குழுக்களுக்கும் அந்த ஜாதா முன்னோடி. தெருவில் நடந்ததை வகுப்பறைக்குள் கொண்டுவருவதுதான் இப்போது நம் வேலை.

முதலில் ஒரு சோதனை

பாடத்தைத் திட்டமிட்டதும் உங்களையே இரண்டு கேள்வி கேளுங்கள்.

1. இதிலிருந்து கலையை எடுத்துவிட்டால் அறிவியல் குறையுமா?
2. அறிவியலை எடுத்துவிட்டால் கலை குறையுமா?

இரண்டுக்கும் 'ஆம்' என்று வந்தால் தொடங்குங்கள். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைச் சினிமா மெட்டில் பாடுவது முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். பாட்டை எடுத்தாலும் சமன்பாடு அப்படியே இருக்கிறது. பாடியதால் அது விளங்கவும் இல்லை. இதய வரைபடத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்வதும் அப்படித்தான். மனப்பாடத்துக்கு உதவினால் செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் அதை ஒருங்கிணைந்த பாடம் என்று சொல்லாதீர்கள்.

கைவினைக்குள்ளேயே அறிவியல் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கறுப்புச் சோறு எதற்கு என்று சி.வி. ராமன் ஆராய்ந்தார். தோலின் நடுவில் அந்தக் கனம் இருப்பதால்தான் மேல்சுரங்கள் ஒழுங்கான விகிதத்தில் அமைகின்றன என்று 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். வாத்தியத்தைக் கூர்ந்து கேட்ட காதுதான் அந்த ஆய்வுக்கு முதல் கருவி. உங்கள் ஊரில் அப்படி என்ன இருக்கிறது? நெசவா, கயிறா, குயவர் சக்கரமா, வில்லுப்பாட்டா? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்த அத்தியாயத்தில் இரண்டை முழுதாகச் செய்து காட்டுகிறேன்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

1. எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. அழுத்தம் இருப்பதால் பெற்றோரும் எச்.எம்.மும் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது.

2. காலத்தைப் பார்த்து நாள் குறியுங்கள். ஜூனில் இடவப்பாதி மழை, பிறகு ஓணத் தேர்வு, அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷம், டிசம்பரில் கிறிஸ்துமஸ் தேர்வு. ஒலிப் பாடத்துக்கு மழை தடையில்லை, ஜூலையிலேயே நடத்தலாம். மண் பாடத்தை ஜனவரிக்கு ஒதுக்குங்கள்.

3. ஒரு பாடத்துக்கு ஐந்து பாடவேளை கேளுங்கள். மூன்று அறிவியலிலிருந்தும் இரண்டு கலை அல்லது மொழிப் பாடத்திலிருந்தும் எடுத்தால் யாருடைய பாடமும் பின்தங்காது. இதை எஸ்.ஆர்.ஜி. (பள்ளி வளக் குழு) கூட்டத்தில் வைத்து மினிட்ஸில் எழுதிவிடுங்கள். வாய்மொழி அனுமதி, தேர்வு நெருங்கும்போது நிற்காது.

4. ஊர்க் கலைஞர் ஒருவரை அழைக்கப் போகிறீர்கள் என்றால் அவருக்குரிய சன்மானத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அவர் அன்றைய வேலையை விட்டுவிட்டு வருகிறார். பொன்னாடையும் ஒரு சாயாவும் கூலியாகாது. பி.டி.ஏ. நிதியில் ஒரு தொகையைத் தீர்மானமாகப் போட்டு, நிகழ்ச்சி முடிந்த அன்றே கையில் கொடுங்கள். பள்ளிக்கு வந்து போன கலைஞர் மறுவருஷம் வராமல் போனால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

பாடம் 1: வில்லும் குடமும் (ஒலி)

குமரி மாவட்டத்திலும் தெற்குத் திருவனந்தபுரத்திலும் வில்லுப்பாட்டு கோயில் கொடையோடு சேர்ந்தது. மலையாளத்தில் வில்லடிச்சான் பாட்டு என்பார்கள். வில், நாண், வீசுகோல், குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று ஒரே மேடையில் ஒலி உண்டாகும் பல வழிகளும் இருக்கின்றன. ஒலிப் பாடத்துக்கு இதைவிட நல்ல கருவிப்பெட்டி கிடைக்காது.

தேவையானவை: ஒரு மீட்டர் நீள மூங்கில் பத்தை, நைலான் கயிறு, வாய் குறுகிய எவர்சில்வர் குடம், மண்பானை ஒன்று, வைக்கோல் புரிமணை, உலர்ந்த கமுகம்பாளைத் துண்டு அல்லது தடித்த அட்டை, அளவுநாடா, ஆசிரியரின் கைப்பேசி. கைப்பேசியில் 'ஃபைஃபாக்ஸ்' செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தருவது இது. ஒலியின் அதிர்வெண்ணை ஹெர்ட்ஸில் காட்டும்.

1. முதல் பாடவேளையில் கலைஞர் வாசிக்கட்டும், பிள்ளைகள் கேட்கட்டும். நீங்கள் எதையும் விளக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் 'சத்தம் எங்கிருந்து வருகிறது?' என்பதற்கு ஒரு படம் வரைந்து அம்புக்குறி போட வேண்டும், அவ்வளவுதான். பலர் நாணுக்கு மட்டும் குறி போடுவார்கள். படங்களைப் பத்திரப்படுத்துங்கள், கடைசியில் தேவைப்படும்.

2. இரண்டாம் பாடவேளையில் குழுவுக்கு ஒன்றாக மாதிரி வில் செய்யுங்கள். நாணை அடித்து எத்தனை அடி தூரம் வரை கேட்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். பிறகு வில்லின் நடுப்பகுதியைப் புரிமணையில் வைத்த பானையின் கழுத்தில் அழுத்திக் கட்டி, அதே விசையில் அடித்து மறுபடி அளக்கட்டும். நாண் அதுவே, அடியும் அதுவே, தூரம் மட்டும் கூடும். மெல்லிய நாணால் அதிகக் காற்றைத் தள்ள முடியாது. பானையின் அகன்ற சுவரும் உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து ஆடும்போது முடியும்.

3. மூன்றாம் பாடவேளைதான் இந்தப் பாடத்தின் உயிர். எவர்சில்வர் குடத்தை எடுங்கள். வெறும் குடத்தின் வாயைப் பாளையால் அடித்தால் தாழ்ந்த 'கும்' வரும். தண்ணீர் ஊற்றினால் ஓசை ஏறுமா, இறங்குமா? எல்லோரும் முதலில் எழுதிவைக்கட்டும். பிறகு கால், அரை, முக்கால் என்று ஊற்றி அடியுங்கள். ஓசை ஏறிக்கொண்டே போகும். வகுப்பு 'தண்ணீர் கூடினால் சுருதி கூடும்' என்று விதி எழுதிவிடும். எழுதவிடுங்கள். உடனே அதே குடத்தின் சுவரைப் பென்சிலால் தட்டச் சொல்லுங்கள், மறுபடி வெறும் குடத்திலிருந்து முக்கால் வரை. இப்போது ஓசை இறங்கும்.

வகுப்பு சத்தம் போடும். பத்து நிமிஷம் அவர்களே வாதாடட்டும், நீங்கள் குறுக்கே போகாதீர்கள். விடை இதுதான்: வாயை அடிக்கும்போது ஆடுவது உள்ளிருக்கும் காற்று. தண்ணீர் ஏறினால் காற்றின் இடம் சுருங்கும், அதிர்வு விரைவாகும். சுவரைத் தட்டும்போது ஆடுவது சுவர். அதை ஒட்டிய தண்ணீர் கனமாகச் சேர்ந்துகொள்வதால் அதிர்வு மெதுவாகும். ஜலதரங்கக் கிண்ணங்களில் நடப்பது இந்த இரண்டாவது வகை. ஹெர்ட்ஸ் எண்களைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதி, வரைபடத்தாளில் இரண்டு கோடுகளாக வரையச் சொல்லுங்கள்.

4. நான்காம் பாடவேளையில் வில்லுப்பாட்டு எழுதுதல். ஆசான் சொல்ல, பின்பாட்டுக்காரர் கேட்பதும் ஆமோதிப்பதும் இந்தக் கலையின் அமைப்பு. அதையே விதியாக்குங்கள்: ஆசான் சொல்லும் ஒவ்வொரு செய்திக்கும் பின்பாட்டு 'அது எப்படித் தெரியும்?' என்று கேட்க வேண்டும். ஆசான் வகுப்பில் அளந்ததை வைத்துத்தான் பதில் சொல்லலாம். இப்படி:

ஆசான்: குடத்துக்குள்ளே தண்ணி ஏற ஏற, ஓசையும் ஏறுதய்யா!
பின்பாட்டு: ஏறுதா? சுவரைத் தட்டினா இறங்குதே!
ஆசான்: அங்கே ஆடுறது காத்து, இங்கே ஆடுறது சுவர்.
பின்பாட்டு: ஆமா... அது எப்படித் தெரியும்?
ஆசான்: எண்ணைப் பாரு, பலகையில எழுதியிருக்கு!

5. ஐந்தாம் பாடவேளையில் நிகழ்த்துங்கள். கலைஞர் மறுபடி வந்து தாளத்தையும் உச்சரிப்பையும் திருத்தட்டும். முதல் நாள் வரைந்த படங்களைத் திருப்பிக் கொடுத்து, வேறு நிறப் பேனாவால் அம்புக்குறிகளைத் திருத்தச் சொல்லுங்கள். பிள்ளை எவ்வளவு கற்றது என்பது அந்த இரண்டு நிற அம்புகளில் தெரிந்துவிடும்.

*குறிப்பு:* இந்த அமைப்பு பிடிபட்டதும் பொருளை மாற்றலாம். மழைக்காலத்துக்கு முன் எலிக்காய்ச்சல் பற்றி ஒரு வில்லுப்பாட்டு, வார்டில் உள்ள கிணறுகளின் நீர்மட்டம் பற்றி இன்னொன்று. பின்பாட்டின் கேள்வியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள்.

*கவனம்:* கலைஞரின் வில் வழிபாட்டோடு சேர்ந்தது. கேட்டு, அவர் தந்தால் மட்டும் தொடவேண்டும். சோதனைகளை மாதிரி வில்லில் மட்டுமே செய்யுங்கள். வளைத்த மூங்கில் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. நாண் கட்டுவதைப் பெரியவர் ஒருவர் செய்யட்டும், பிள்ளைகள் வில்லின் முனைக்கு நேராக முகத்தை வைக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றும் சோதனைக்குக் கண்ணாடிக் குவளை வேண்டாம்.

பாடம் 2: செம்மண் வண்ணம் (பொருள்களைப் பிரித்தல், வேதிமாற்றம்)

கேரளச் சுவரோவியங்களின் காவிச் சிவப்பும் காவி மஞ்சளும் மண்ணிலிருந்து வந்தவை. இரண்டுக்கும் காரணம் இரும்பு. பள்ளிக்குப் பின்னால் வெட்டுக்கல் சுவர் இருந்தால் மூலப்பொருள் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

1. காய்ந்த செம்மண் அரை கிலோ, மஞ்சள் மண் கிடைத்தால் அரை கிலோ. வீடு கட்டத் தோண்டிய இடத்தில் சொந்தக்காரரிடம் கேட்டு எடுங்கள். வர்க்கலைக் குன்றின் பாறை அடுக்குகள் அழகாக இருக்கும். அங்கே பார்க்கலாம், எடுக்கக் கூடாது. அது பாதுகாக்கப்பட வேண்டிய நிலவியல் மரபுச் சின்னம், விளிம்பும் சரியக்கூடியது.

2. மண்ணை ஈரமாக்கி இடியுங்கள். உலர் மண்ணை இடித்தால் தூசி நெஞ்சுக்குப் போகும்.

3. வாளியில் மூன்று லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு நிமிஷம் விடுங்கள். மணல் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கல் நீரை மட்டும் இரண்டாவது வாளிக்கு மாற்றுங்கள். நிறம் இருப்பது அந்தக் கலங்கலில்தான். ஆசிரியர்கள் பலர் இங்கே அவசரப்பட்டு மணலையும் சேர்த்து ஊற்றிவிடுவார்கள். பிறகு வண்ணம் சுவரில் நறநறவென்று உதிரும்.

4. இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். மறுநாள் தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் இருக்கும் குழம்பைத் தட்டில் பரப்பி உலர்த்துங்கள்.

5. இப்போது வேதியியல். மஞ்சள் தூளில் ஒரு தேக்கரண்டியைப் பழைய இரும்புச் சட்டியில் போட்டு, வெளி முற்றத்தில், ஆசிரியர் மட்டும் சூடாக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கட்டும். ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கி நிறம் மாறிக்கொண்டு வரும்: மஞ்சள், செங்காவி, கடைசியில் சிவப்பு. மஞ்சள் காவியில் இரும்பு ஆக்சைடோடு நீர் வேதிமுறையில் பிணைந்திருக்கிறது. சூட்டில் அது வெளியேறுகிறது. செங்கல் சூளையில் மண் சிவப்பதும் பெருமளவு இதனால்தான்.

ஆறியதும் ஒரு பிள்ளையிடம் தண்ணீர் கொடுத்து, 'மறுபடி மஞ்சளாக்கு' என்று சொல்லுங்கள். ஊற்றினால் நிறம் சற்று அடர்ந்து தெரியும், காய்ந்ததும் பழைய சிவப்பே திரும்பும். நனைவதும் வேதிமுறையில் பிணைவதும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வரையறையும் சொல்லாது.

6. பசை: வேப்பம்பிசினை நான்கு மடங்கு தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். வண்ணத்தூளோடு குழைத்து ஓர் அட்டையில் பூசிக் காயவிடுங்கள். விரலால் தேய்க்கும்போது நிறம் ஒட்டினால் பசை போதாது; காய்ந்து வெடித்து மின்னினால் பசை அதிகம். அளவை ஒவ்வொரு குழுவும் தானே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் விகிதத்தைச் சொல்லிவிட்டால் சோதனை முடிந்துபோகும்.

7. வெள்ளைக்குச் சுண்ணக்கட்டித் தூள், கறுப்புக்கு விளக்குக் கரி. பச்சைக்கு இலைச்சாறு வேண்டும் என்பார்கள். பூசவிடுங்கள். பாதியைக் கறுப்புத் தாளால் மூடி இரண்டு வாரம் ஜன்னல் வெயிலில் வையுங்கள், பக்கத்தில் செம்மண் பூச்சையும் அப்படியே வையுங்கள். இலைப்பச்சை வெளுக்கும், செம்மண் நிற்கும். மண் நிறங்களைப் பழைய ஓவியர்கள் ஏன் நம்பினார்கள் என்பதற்கான பதில் வகுப்பு ஜன்னலிலேயே கிடைத்துவிடும்.

8. வரைதல்: மஞ்சளில் உருவக்கோடு, பிறகு நிறங்கள், கடைசியில் கறுப்புக் கோடு. முதல் முறை சுவருக்குப் போகாதீர்கள், தடித்த அட்டை போதும். பொருள் பாடத்தோடு சேர்ந்ததாக இருக்கட்டும்: ஊரின் மண் வெட்டுமுகம், கிணற்றின் அடுக்குகள் போல.

பாதுகாப்பு: இங்கே சமரசம் கிடையாது

கதகளி வேஷத்தைப் பார்த்த உற்சாகத்தில் அதன் வண்ணங்களை வகுப்புக்குக் கொண்டுவர ஆசை வரும். வேண்டாம். மரபான மனயோலை ஆர்செனிக் சேர்மம், சாயில்யம் பாதரசச் சேர்மம். கண்ணைச் சிவப்பாக்க நடிகர்கள் இமைக்குள் வைக்கும் சுண்டப்பூ விதையையும் பிள்ளைகள் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. இவற்றைப் பற்றிப் பேசுங்கள், தொடாதீர்கள்.

நீற்றாத சுண்ணாம்பு பள்ளி வளாகத்துக்குள்ளேயே வரக்கூடாது. தண்ணீர் பட்டால் கொதிக்கும், தெறித்தால் பார்வையே போய்விடும்.

தண்ணீர் தேங்கிய வயலிலும் ஓடைக்கரையிலும் வெறுங்காலோடு மண் எடுக்க அனுப்பாதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி காலில் உள்ள சிறு கீறல் வழியாகக்கூட நுழையும். காயம் உள்ள பிள்ளைக்கு எழுதும் வேலை கொடுங்கள். எல்லோரும் சோப்பால் கை கழுவிய பிறகே சோறு.

அடிக்கடி நேரும் தவறுகள்

நன்றாகப் பாடும் நான்கு பிள்ளைகளை மேடையேற்றி மற்றவர்களைப் பார்வையாளர்களாக்குவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். கலோத்சவப் பழக்கம் நம் பள்ளிகளில் ஆழமாக இருப்பதால் இது தானாகவே நடக்கும். அளப்பவர், எழுதுபவர், கேள்வி கேட்பவர், அடிப்பவர் என்று வேலையைப் பிரித்து, ஒவ்வொரு பாடவேளையிலும் சுழற்றுங்கள்.

அடுத்தது, ஆசிரியரே பாட்டை எழுதிக் கொடுத்துவிடுவது. பாட்டு அழகாக இருக்கும். பிள்ளைக்கு என்ன புரிந்தது என்பது கடைசிவரை தெரியாது.

சாஸ்திர மேளாவில் பரிசு வாங்குவதற்காகவே திட்டமிடுவதும் வேண்டாம். நன்றாக வந்த பாடத்தைப் பின்னால் சாஸ்திர நாடகமாக வளர்க்கலாம், அது வேறு.

மதிப்பெண்

கேரளப் பாடத்திட்டத்தில் எஸ்.எஸ்.எல்.சி. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றுக்கும் எழுத்துத் தேர்வு 40, தொடர் மதிப்பீடு 10. எட்டிலும் ஒன்பதிலும் தொடர் மதிப்பீட்டுப் பதிவுக்கு இந்த வேலையை ஒரு சான்றாக வையுங்கள். நான் பரிந்துரைக்கும் பங்கீடு: முன்கூட்டி எழுதிய கணிப்புக்கு 2, அளவீட்டுக்கு 3, கைவினை நேர்த்திக்கு 3, விளக்கத்துக்கு 2. கணிப்பு தவறாக இருந்தாலும் காரணம் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள். நேர்த்தி என்றால் பிறவித் திறமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் முயற்சிக்கும் கடைசி முயற்சிக்கும் இடையே தெரியும் முன்னேற்றத்தைப் பாருங்கள்.

ஒரு நாள் வெளியே போக முடிந்தால்

தும்பாவில் புனித மரிய மகதலேனா தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. பலராமபுரத்தில் கைத்தறி; பாவும் ஊடையும் பின்னும் முறையைக் கட்டத்தாளில் வரைந்தால் அதுவே ஒரு கணக்குப் பாடம். தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் சுவரோவியங்கள் உள்ளன. அந்த மாடிக்கு அனுமதி உண்டா என்று முன்பே விசாரியுங்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. ஒரு நாளில் ஓர் இடம் போதும். மூன்றையும் ஒரே பஸ்ஸில் சுற்றினால் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது பஸ் மட்டும்தான்.

முதல் வருஷம் ஒரு வகுப்பு, இந்த இரண்டு பாடம், அதற்கு மேல் வேண்டாம். பிள்ளைகள் எழுதிய கணிப்புத் தாள்கள், அளவுப் பட்டியல்கள், பாட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டிப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். உங்களுக்கு மாற்றல் வந்தாலும், அடுத்து வரும் ஆசிரியர் அந்தக் கோப்பை எடுத்துத் தொடரலாம்.